கொடியின் கடைசி இலை

பிள்ளையார்பாளையத்தில் என் மகள் குணமாலாவின் வீட்டு ஜன்னல் தெருவை ஒட்டியே இருக்கிறது. என் சம்மதமில்லாமல் அவள் ஒரு நெசவாளியை மணந்த அன்றே, அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல் மாறவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு தெருவில்தான் நிற்கிறேன். உள்ளே தறிச் சத்தம் ஓய்ந்திருக்கிறது. மாலை வெயில் ஜன்னல் கம்பிகளுக்கிடையே நுழைந்து, தறியின் மஞ்சள் இழைகளில் படிந்து, அவள் மடியிலிருக்கும் குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய பருப்புச் சோற்றையும் மின்னச் செய்கிறது. "பொழுது சாயறதுக்குள்ள ரெண்டு வாய் வாங்கிக்கோ, கண்ணு" என்கிறாள். இருட்டியபின் உண்ணாத எங்கள் சமணக் குடும்பத்து வழக்கத்தை அவள் விடவில்லை. அவள் கையில் ஒரு சிறிய வெள்ளிக் கரண்டி. அதன் காம்பில் செதுக்கிய கொடியில் கடைசி இலை மட்டும் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. என் தாயாருக்காக ஆசாரி செய்த ஆறு கரண்டிகளில் மட்டுமே அந்த இலை உண்டு. அவற்றில் ஒன்று தொலைந்துவிட்டதாக என் மனைவி போன மாதம் என் முகத்தைப் பாராமல் சொன்னாள். குணமாலா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். கரண்டி சட்டென்று முந்தானைக்குள் போகிறது. "இது… இவரு பஜார்ல வாங்கியாந்தது, நயினா" என்கிறாள். குழந்தை வாயைத் திறந்தபடியே காத்திருக்கிறது. நான் குடையை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறேன். "கொழந்தைக்கு ஊட்டும்மா. நல்ல வேலைப்பாடு. இதே மாதிரி அஞ்சு நம்ம வீட்டுல சும்மா கெடக்குது. உங்கம்மா கையிலயே குடுத்தனுப்பறேன்."