பன்னிரண்டாவது வரிசை

"சார், அந்த மார்க் ஃபைலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிட்டீங்களா?"

கதவைத் தட்டக்கூட மறந்து உள்ளே வந்துவிட்ட புரோகிராமரை மேனேஜர் முறைத்தார். அலுவலகத்தில் அவருக்கு 'விசில்' என்று பட்டப்பெயர். சூடானால் சத்தம் வரும்.

"காலையிலேயே அனுப்பியாச்சு. இப்ப என்ன?"

கிளையில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மேலிருந்து கீழ்வரை எல்லாருடைய வேலைக்கும் மதிப்பெண் போட்டு, கடைசியாக வருபவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். பாரபட்சம் கூடாதென்று ஃபைலில் பெயர்கள் இல்லை, வரிசை எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் உள்ள உறையை ஆர்டர் போடும்போதுதான் தலைமை அலுவலகத்தில் பிரிப்பார்கள்; அதுவரை எந்த வரிசை யாருடையது என்பது கணக்குப் போட்ட அவளுக்கு மட்டுமே தெரியும்.

"அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு சார். பன்னிரண்டாவது வரிசையில எல்லாமே பூஜ்யமா இருக்கு."

"எப்படி?"

"டேட்டாவை அர்ரேயா, அதாவது எண் அட்டவணையா மாத்த ரெண்டு கட்டளை இருக்கு சார். ஒண்ணு புதுசா நகல் எடுத்துத் தரும். இன்னொண்ணு, நாம கொடுக்கறது ஏற்கெனவே அர்ரேயா இருந்தா நகல் எடுக்காது, அதையே திருப்பித் தந்துடும். நான் ரெண்டாவதைப் போட்டுட்டேன். நகல்தானேன்னு நினைச்சு ஒரு வரிசையைப் பூஜ்யமாக்கிப் பார்த்தேன். அசல்லயே மாறிடுச்சு."

"எதுக்குப் பூஜ்யமாக்கினே?"

"சும்மா... சோதனைக்கு."

அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கினாள். அதைச் சொன்னால் அவள் வேலை போய்விடும். வீட்டில் இப்போதைக்கு வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

"திரும்ப வாங்கிடுங்க சார். பாவம், அவர் ஒரு தப்பும் பண்ணலை."

"விளையாடறியா? போன மாசம் ஒரு ஃபைலைத் திருப்பிக் கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுபடியும் என் மானத்தை வாங்காதே. யாரோ ஒருத்தர் போகத்தான் போறாங்க. அது பன்னிரண்டா இருந்தா என்ன, இருபதா இருந்தா என்ன?"

"இல்ல சார், அது யாருன்னு..."

"பேரைச் சொன்னே, தொலைச்சிடுவேன்! தெரிஞ்சா எனக்குத்தான் மனசு கேட்காது."

வேலை போனால் போகட்டும், சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவள் வாயைத் திறந்த நேரத்தில் மேஜைமேல் போன் அடித்தது.

"தலைமை அலுவலகம்," என்றவர் அவளைக் கையமர்த்திவிட்டுக் குழைந்தார். "வணக்கங்க... ஆமாங்க, சரிதாங்க... ஒண்ணுக்கு ரெண்டு தடவை நானே பார்த்தேங்க."

"சார், வேண்டாம் சார்..."

அவர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "வாயை மூடு!" என்று சீறினார். மறுபடி போனில் இனித்தார். "பன்னிரண்டாவது வரிசைதானே? ரொம்ப நாளாவே தண்டம்தாங்க. தாராளமா அனுப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிஞ்சுது. உறுதியான்னு கேட்டாங்க, உறுதின்னுட்டேன். ஆர்டர் கிளம்பிடுச்சாம். இப்ப சொல்லு, யாரும்மா அந்தப் பாவப்பட்ட ஜென்மம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நேத்து எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினீங்களே சார், அந்தக் கோவத்துல நகல்லதானேன்னு உங்க வரிசையைத்தான் பூஜ்யமாக்கினேன்."