ஏழாவது ஸ்க்ரூ

ஆவடி வட்டார எலும்புகளின் வரலாற்றில் இன்று பொன்னாள். நாகேந்திரனின் உடைந்த கால் எலும்பு கூடிவிட்டது, இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று பிளேட் வைத்த பெரிய டாக்டரே அறிவித்தார். "எல்லாம் நம்ம கைராசி." கைதட்ட ஆளில்லாததால் தானே தலையாட்டிக்கொண்டார்.

நாகேந்திரன் ராணுவ டாங்க் பேக்டரியில் இன்ஸ்பெக்டர். ஸ்க்ரூவை எண்ணாமல் எதையும் பாஸ் பண்ணமாட்டார். எக்ஸ்ரேயிலும் எண்ணினார்.

"சார், ஆறுதானே போட்டீங்க? ஏழு கீதே."

டாக்டர் பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஏழு. மூன்று மாதத்துக்கு முந்தைய படத்தில் ஆறுதான். புதிதாக இன்னொரு படம் எடுத்தார்கள். அதிலும் ஏழு.

"யோவ், வலி கீதா?" என்றாள் மனைவி வடிவு.

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு எண்ணிக்கினு கீறே? எந்திரி, ஊட்டுக்குப் போலாம்."

மறுபடி கத்தியா என்று மூன்று மாதம் தூங்காத மனிதர், ஊன்றுகோலை மறந்துவிட்டு நடந்தே வெளியே போனார். வடிவு பின்னால் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

டாக்டர் தனியாகப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பைப் பிடித்துக்கொண்டிருந்தது ஏழாவது ஸ்க்ரூ.

அவர் போட்ட ஆறும் லூஸ்.