சுக்கான் கைமாறும்போது

கரீபியன் கடலில் அந்தப் பாய்மரப் படகில் புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். ஒருவர் ஓட்டினால் மற்றவர் தூங்குவார். சுக்கான் கைமாறும்போது சொல்வதை, வாங்குபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கூடக்குறையப் பேசக் கூடாது. புருஷன் ஹால்வார்ட் போட்ட சட்டம்.

மத்தியானம் சிக்ரூன் சொன்னாள்: "கிழக்குக் காத்து. இடது பக்கம் ஒரு கப்பல். உன் ஆசைக்காகத்தான் இந்தக் கடலைப் பொறுத்துக்கிட்டேன். கிரெனடா வந்ததும் இறங்கி நார்வேக்கே போயிடுவேன்."

"கிழக்குக் காத்து. இடது பக்கம் கப்பல். என் ஆசைக்காகப் பொறுத்துக்கிட்டே. கிரெனடாவுல இறங்கிப் போயிடுவே. சரி, போய்த் தூங்கு."

சாயங்காலம் எழுந்து வந்தாள்.

"காத்து தெற்கே திரும்பிடுச்சு. கப்பல் போயிடுச்சு. உனக்குக் கடல்னா உயிர்னு நினைச்சுத்தான் நானும் இத்தனை வருஷமா வாந்தியெடுத்துக்கிட்டே ஓட்டினேன்," என்றான் ஹால்வார்ட்.

சிக்ரூன் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னாள்.

"சரி" என்று அவன் தூங்கப் போனான்.