மணியை அடித்தவன்

"யாருடா அடிச்சது? மரியாதையா சொல்லிடுங்க. இது மூணாவது தடவை!"

சமையற்காரர் ஐலர்ட் கரண்டியும் கையுமாக வாசலில் நின்று கத்தினார். கரண்டியிலிருந்து வாஃபிள் மாவு அவருடைய பூட்ஸில் சொட்டிக்கொண்டிருந்தது.

வானிலை நிலையத்தின் பதினோரு பேரும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். மலை தெரியவில்லை. வெறும் மூடுபனி. இருபதடி தள்ளி இருந்த கொடிக்கம்பமே கண்ணில் படவில்லை.

வடதுருவக் கடலில் தனியாகக் கிடந்த அந்தத் தீவில் மலைக்கென்றே ஒரு மணி உண்டு. தலையிலிருந்து கால்வரை பனிக்கட்டி போர்த்திய பேரன்பெர்க் மலை, மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் முகம் காட்டும். எரிமலை என்று பெயர்தான். அது எரிவதைப் பார்த்தவர் யாரும் நிலையத்தில் இல்லை. உச்சியை முதலில் பார்ப்பவர் வாசற்கூரையில் தொங்கும் மணியை அடிக்க வேண்டும். எல்லாரும் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள். ஐலர்ட் வாஃபிள் சுடுவார், ஒளித்து வைத்த பழ ஜாமை மனசில்லாமல் எடுப்பார். அந்த மணியைப் பொய்யாக இன்றைக்கு முன்பு யாரும் அடித்ததில்லை.

"காத்துல ஆடியிருக்கும்," என்றார் மெக்கானிக் ஓத்வார்.

"எந்தக் காத்து? உன் பைப் புகை நட்ட குச்சி மாதிரி நிக்குது. வந்துட்டான் பேச! முதல்ல அந்த ஜெனரேட்டரைச் சரி பண்ணு. காலையிலேருந்து என் தட்டெல்லாம் கடகடங்குது."

"உன் வாயை விடவா?"

யாரும் சிரிக்கவில்லை. நிலையத் தலைவர் ஸ்வெர்ரே முன்னால் வந்தார்.

"எல்லாரும் கையுறையைக் கழட்டுங்க. மணிக்கயிறு தார் பூசினது. தொட்டவன் கையில கறுப்பு ஒட்டியிருக்கும்."

குளிரில் கைகள் நீண்டன. ஓத்வாரின் கை மட்டும் கன்னங்கறேலென்று இருந்தது.

"இது கிரீஸு, தலைவரே. எனக்குப் பிறந்ததிலேருந்தே இப்படித்தான்."

ஸ்வெர்ரே அவரைத் தாண்டிப்போய், வரிசையின் கடைசியில் இருந்த ஆர்ன்ஃபின்னிடம் நின்றார். வானிலைக் கணக்கெடுப்பவன் அவன். வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அங்கே மலையை ஒருமுறைகூடப் பார்க்காத ஒரே ஆள் அவன்தான்.

"மூணு தடவையும் நீதான் வெளியே இருந்தே."

"தெர்மாமீட்டர் பார்க்க வந்தேன், தலைவரே. சத்தம் கேட்டுத் திரும்பினா, மணிகிட்ட ஒருத்தரும் இல்ல."

"அப்போ பனிக்கரடி வந்து அடிச்சிட்டுப் போச்சா?"

"என் கையைப் பாருங்க. சுத்தமா இருக்கு."

"கையுறை போட்டுக்கிட்டு அடிச்சிருப்பே." ஸ்வெர்ரேயின் குரல் தணிந்தது, அதுதான் பயமாக இருந்தது. "உன் வார்த்தையை நம்பித்தான் கடல்ல அத்தனை மீன்படகு நிக்குது. மணியில பொய் சொல்றவன், நாளைக்குப் புயல்லயும் பொய் சொல்லுவான். காலையில கப்பல் வருது. மூட்டையைக் கட்டிக்கோ."

ஆர்ன்ஃபின் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பொய்யன் என்று திருப்பி அனுப்பப்பட்டவனை எந்த நிலையம் சேர்த்துக்கொள்ளும்? வீட்டுக்குப் போய் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஐலர்ட்டுக்கு மனசு கேட்கவில்லை. கிட்டே வந்து காதில் கிசுகிசுத்தார்.

"ஒத்துக்கடா. மலையைப் பார்க்கற ஆசையில கை அரிச்சிடுச்சுன்னு சொல்லு. ஒரு மாசம் எனக்குப் பாத்திரம் கழுவு. நான் அவர்கிட்டப் பேசிக்கறேன். அடம் பிடிக்கிறவனைக் கண்டாத்தான் அவருக்கு ஆகாது."

"செய்யாததை எப்படி அண்ணே ஒத்துக்கறது?"

"கப்பலா, பாத்திரமா? நீயே முடிவு பண்ணு."

ஆர்ன்ஃபின் பூட்ஸ் நுனியைப் பார்த்தான்.

"நான்தான்… நான்தான் அடிச்சேன், தலைவரே. மூணு தடவையும்."

"அப்படி வா வழிக்கு," என்றார் ஸ்வெர்ரே. "எல்லாரும் கையை உள்ளே…"

மணி அடித்தது.

பதினோரு பேரும் அங்கேதான் நின்றிருந்தார்கள். இருபத்திரண்டு கைகளும் கண்ணெதிரேயே இருந்தன. கயிற்றின் அருகில் யாருமே இல்லாமல் மணி விடாமல் அடித்துக்கொண்டேயிருக்க, பூட்ஸுக்கு அடியில் தரை உதறியது. வடக்கே, மலை இருக்க வேண்டிய இடத்தில், மூடுபனி மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.