நம்ம கீரிப்பிள்ளை

காட்டுக் கூடைப்பந்து அணியில் அன்றுதான் கீரி முதன்முதலாக ஆடியது. தூரத்திலிருந்து எறிவது அதன் பொறுப்பு. எறிந்ததெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

"இது தேறாது தங்கச்சி," என்றது வேலியில் உட்கார்ந்திருந்த ஓணான்.

"பொறுங்கண்ணே. இத்தனை தவறியும் அதுக்குக் கை நடுங்கல, பாத்தீங்களா?" என்றது பக்கத்திலிருந்த மைனா. ஓணான் சிரித்ததும் மைனாவுக்கு முகம் சுருங்கிப்போனது.

ஆட்டம் முடியும் நேரத்தில், அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, பந்து கீரியிடம் வந்தது. குறுக்கே பாய்ந்த குள்ளநரியின் தலைக்கு மேலே கீரி எம்பி எறிந்தது. பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது.

"நம்ம பிள்ளை, நான் அப்பவே சொன்னேன்ல?" என்று ஓணான் தலையை ஆட்டி ஆட்டி வேலி முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடியது.

"ஆமாண்ணே, நம்ம பிள்ளைதான்," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைனாவும் கூடவே பறந்தது.