மூன்று பூச்சு

“பதினோரு பேரைக் கொன்னுட்டேன் மச்சான்,” என்றான் நிக்கானோர்.

அந்தப் பதினோரு பேரும் அப்போது எதிர்க்கடையில் எலுமிச்சை பிழிந்த பச்சை மீனைத் தின்றுகொண்டு, யாரோ ஒருவனின் மாமியாரைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை நெத்திலிப் பருவம் தொடங்குகிறது. சிம்போத்தே துறைமுகம் முழுக்க வலைகளை ஏற்றும் சத்தம்.

உர்பானோ கரண்டியைக் கீழே வைத்தார். படகுத்துறையின் மேஸ்திரி அவர். போன மாதம் மகளின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு வாத்தியக் குழு வைத்து ஊரையே ஆடவைத்தவர்.

“காலையிலேயே குடிச்சிட்டியா மாப்ள?”

“இல்ல. அவனுங்க நாளைக்குப் போற மிலாக்ரோஸ் படகுக்கு நான்தானே பெயிண்ட் அடிச்சேன். அடியில எட்டு துத்தநாகக் கட்டி இருந்துச்சுல்ல, நீங்க வாங்கி மாட்டினது. அதுக்கு மேலயும் அடிச்சுட்டேன்.”

உர்பானோ மறுபடி கரண்டியை எடுத்தார்.

“பக்கத்துப் படகுல இன்னைக்குத்தான் பார்த்தேன். கட்டி மேல காகிதம் ஒட்டிட்டு அடிக்கிறாங்க. ஏன்னு கேட்டதுக்குச் சிரிக்கிறானுங்க. உப்புத்தண்ணி முதல்ல துத்தநாகத்தைத்தான் தின்னுமாம், அது கரையிற வரைக்கும் இரும்பைத் தொடாதாம். மூடிட்டா நேரா இரும்புக்கு வந்துடுமாம்.” அவன் எதிர்க்கடையைப் பார்த்தான். “அது ஏற்கெனவே இத்துப்போன தகடு மச்சான். நடுக்கடல்ல ஓட்டை விழுந்தா?”

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“உங்ககிட்டதான்.”

“அப்ப விடு. ரெண்டு மாசத்துல கரைக்கு வரும், பார்த்துக்கலாம்.”

நிக்கானோர் தலையாட்டினான். ஆனால் எழுந்து போகவில்லை. எதிர்க்கடையிலிருந்து படகின் சமையல்காரன் பாஸ்குவால் இவனைப் பார்த்துக் கையசைத்தான். பதிலுக்குக் கையைத் தூக்க இவனால் முடியவில்லை.

“போன மாசம் வரைக்கும் வீட்டுச் சுவருக்கு அடிச்சுக்கிட்டிருந்த பயலை நம்பி நீங்க வேலை குடுத்தீங்க. நானும் அக்கறையாத்தான் செஞ்சேன். படகு முழுக்க ஒரு பூச்சு போதும்னாங்க. அந்த எட்டுக் கட்டி மட்டும் பெயிண்ட்டைக் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு. விடாம மூணு பூச்சு அடிச்சேன். எவ்வளவு அழகா இருக்குன்னு தள்ளி நின்னு வேற பார்த்தேன்.”

உர்பானோவின் நெற்றி வியர்த்திருந்தது. கடல்காற்று சில்லென்றுதான் வீசிக்கொண்டிருந்தது.

“முதலாளிகிட்ட போறேன்,” என்று நிக்கானோர் எழுந்தான். “படகை மேல தூக்கச் சொல்றேன். பெயிண்ட்டைச் சுரண்ட ஒரு பகல் போதும். வேலை போனா போகட்டும்.”

“உட்காரு.”

“என் பாவம் மச்சான். நான்தான் சுரண்டணும்.”

அவன் இரண்டடி வைப்பதற்குள் உர்பானோ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எதிர்க்கடையில் பதினோரு பேரும் மறுபடி சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னார்:

“துத்தநாகம் பெயிண்ட்டைக் குடிக்காது மாப்ள. சிமென்ட்தான் குடிக்கும்.”