கையால் சுற்றும் மிஷின்

மகதலேனா மடியில் ஒரு சிறிய தகர டப்பா இருந்தது. மூடி தானாகத் திறந்துவிடுமோ என்று பயந்தவள்போல அதை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். உள்ளே அவளுடைய கல்யாணம் இருந்தது.

“அம்மாவுக்கு எவ்வளவு ஆசை பாருங்க, கிராணி சார்,” என்றார் கடைக்காரர் ராதாகிருஷ்ணன். “எட்டு வருஷம் ஆச்சுங்கறீங்க. நேத்துத்தான் தாலி கட்டின மாதிரி உக்காந்திருக்காங்க.”

அவள் கணவன் கிரிகரி சிரித்தான். அவன் குமாஸ்தாவாக வேலை பார்க்கும் ரயில்வே ஆபீஸ் துரை, கல்யாணத்தன்று செந்தூல் மாதா கோயில் வாசலில் நின்று தன் சின்ன சினிமாக் கேமராவில் எடுத்த படச்சுருள் அது. போன மாதம் ஒரேயடியாகச் சீமைக்குக் கப்பலேறும்போது, அலமாரியைக் காலி செய்தவர் எடுத்துக் கொடுத்தார். கையில் படம் வந்துவிட்டது. திரையில் ஓட்டிப் பார்க்கத்தான் வீட்டில் மிஷின் இல்லை.

மேசைமேல் இரண்டு இருந்தன. மோட்டார் வைத்தது விலை அறுபத்தைந்து வெள்ளி. கையால் சுற்றுவது இருபத்திரண்டு.

“கையால சுத்துறதே போதுங்க,” என்றாள் மகதலேனா.

“ஞாயித்துக்கிழமை ஆபீஸ் ஆளுங்க எல்லாம் நம்ம வீட்டுக்கு வராங்க. அவங்க முன்னாடி நான் காப்பிக்கொட்டை அரைக்கிற மாதிரி சுத்திக்கிட்டு நிக்கணுமா?”

ராதாகிருஷ்ணன் இரண்டுக்கும் நடுவில் நின்று பேசினார். “மோட்டாருக்கு சுவிட்சப் போட்டாப் போதும் சார். ஆனா ஒரே பக்கம்தான் ஓடும். இது கை போற பக்கம் போகும். பிள்ளைங்க இருக்கற வீட்டுல இதைத்தான் கேக்கறாங்க. குதிரை பின்னால நடக்கும், கொட்டின பால் செம்புக்குள்ள ஏறும், விழுந்து விழுந்து சிரிப்பாங்க.”

“எங்க வீட்டுல பிள்ளைக்கு எங்க போறது?” கிரிகரி மனைவியைக் கைகாட்டினான். “பட்ட மரத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்.”

கடைக்காரர் துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். மகதலேனா தலையைக் குனியவில்லை. இந்தப் பேச்சு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் கையால் சுற்றும் மிஷினின் கைப்பிடியைத் தொட்டுவிட்ட அவள் விரல்கள் அதைவிட்டு நகரவில்லை. இதைவிட்டால் அவன் அந்த அறுபத்தைந்து வெள்ளிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

“சுத்துறதுக்கு நான் இருக்கேனே,” என்றாள். “நீங்க பாட்டுக்கு நடுவுல நாற்காலி போட்டு உக்காருங்க. மிச்சக் காசுல உங்களுக்கு ஒரு நல்ல கோட்டு தைக்கலாம்.”

கிரிகரி யோசித்தான். பிறகு கடைக்காரர் தோளில் தட்டினான். “கேட்டீங்களா? மோட்டாரைவிட இவ மலிவு!”

ராதாகிருஷ்ணன் வியாபாரத்துக்காகச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“அப்படி என்ன சார் இருக்கு படத்துல?”

“என்ன இருக்கும்? கோயிலுக்குள்ள இருட்டு. தாலி கட்டினது விழலைன்னாரு துரை. வாசல்ல எடுத்தது மட்டும்தான். அவ அப்பா கையைப் புடிச்சுக்கிட்டு உள்ள போறா. என் கையைப் புடிச்சுக்கிட்டு வெளிய வரா. முடிஞ்சுது.”

“எனக்கு அப்பாவைப் பாக்கணும்,” என்றாள் மகதலேனா மெதுவாக.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. செமினியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். இரண்டு முறை அவள் துணிப்பெட்டியோடு அவர் வாசலில் போய் நின்றிருக்கிறாள். இரண்டு முறையும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, சோறு போட்டார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் தாமே அழைத்து வந்து பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டார். “கோயில்ல சாமியார் முன்னால கட்டின தாலிம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் பிடியிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார்.

“சரி, ஓடுதான்னு பாத்து வாங்கு. நான் போயி ரிக்‌ஷா கூப்பிடறேன்,” என்று கிரிகரி தெருவுக்கு இறங்கினான்.

பின்கட்டு அறையில் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ராதாகிருஷ்ணன் கைப்பிடியைச் சுற்றினார். மிஷின் தையல் இயந்திரம்போலக் கடகடத்தது. சுவரில் தொங்கிய வெள்ளைத் துணியில் ஒரு மோட்டார் வண்டி வந்து நின்றது.

அப்பா இறங்கினார். கை நீட்டினார். வெள்ளைப் புடவையும் தலையில் வலையுமாக ஒரு பத்தொன்பது வயசுப் பெண் இறங்கி, படியேறும்போது அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தாள். அவர் என்ன சொன்னார் என்று மகதலேனாவுக்கு நினைவில்லை. கதவு அவர்களை விழுங்கியது.

ஒரு கணம் இருட்டு. மறுபடி வெயில். அந்தப் பெண் கிரிகரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கழுத்தில் தாலி மின்னியது. யாரோ பூ இறைத்தார்கள். வண்டிக் கதவு சாத்தப்பட்டது. பிறகு துணி வெறும் வெள்ளையாயிற்று.

மகதலேனா கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பாமேல் இத்தனை பிரியமா என்று ராதாகிருஷ்ணன் நினைத்துக்கொண்டார்.

“அப்பாவைப் பாத்தாச்சும்மா. கழட்டிக் கட்டிடட்டுமா?”

வெளியே கிரிகரி ரிக்‌ஷாக்காரனிடம் பேரம் பேசும் சத்தம் கேட்டது. “ஏய், வா சீக்கிரம்!”

அவள் எழுந்து வந்து கைப்பிடியைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

“கழட்டாதீங்கண்ணே, நான் பின்னால சுத்திக்கறேன், அவர் கையோட உள்ள போயி, அப்பா கையோட வெளிய வந்து, வீட்டுக்குப் போயிடறேன்.”